போகாத பியூஸ்

அண்ணனின் கருமாதி முடிந்து, தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் கட்டியிருந்த தறப்பாளை ஆட்கள் அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னைக் காம்பிராவுக்குள் கூப்பிட்டார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"நீ கரண்டுக்குத்தான படிச்ச. அந்த பியூஸ் ஏன் போகல?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அப்போது அது உண்மை.

அம்மாவும் அண்ணனும் ஹேவாஹெட்டப் பக்கம் ஒரே தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள். எங்கள் ஆட்கள் அதை ஸ்டோர் என்பார்கள். அம்மா சல்லடை அறையில், காய்ந்த தூளிலிருந்து காம்பும் நாரும் பொறுக்குபவர். அண்ணன் எலெக்ட்ரீசியன். அப்பா இறந்து பல வருடங்களாகிவிட்டன. பியூஸ் போவது என்றால் என்னவென்று அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சல்லடை மெசின் திடீரென்று நிற்கும். காதுக்குள் அமைதி வரும். பெண்கள் முதுகை நிமிர்த்துவார்கள். அண்ணன் தோளில் பையோடு வந்து சேர்வதற்குள் ஒரு கதை பேசி முடித்துவிடலாம்.

"வந்துட்டாருடி. இன்னும் ஒரு வாய் வெத்தல போட்டிருக்கலாம்" என்று ஒருத்தி சொல்வாளாம்.

"தம்பி, மெதுவாவே பாருங்க. எங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்ல" என்பாளாம் இன்னொருத்தி.

"நீங்க எல்லாஞ் சேந்து நேந்துக்கிட்டுத்தான் இது போகுதுனு டீமேக்கர்கிட்டச் சொல்லவாக்கா?" என்று அண்ணன் கேட்பானாம்.

அம்மா இதையெல்லாம் எனக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறார். ஆகவே அன்று அவர் பாடம் கேட்கவில்லை. எப்போதும் போகிற ஒன்று அன்றைக்கு மட்டும் ஏன் போகவில்லை என்று கேட்டார்.

கேட்பதற்குக் காரணம் இருந்தது. அண்ணன் தீயில் கருகிய அந்த விபத்துக்குப் பிறகு தோட்ட நிர்வாகம் கண்டியிலிருந்து ஒருவரை வரவழைத்து மின்பேனலைப் பார்க்கச் செய்திருந்தது. சல்லடை மெசினுக்குரிய மூன்று பியூஸ்களில் இரண்டு சரியாக இருந்தன; மூன்றாவது, கருவி வைத்து அளந்ததில், இருக்க வேண்டியதைவிட மிகப் பெரியது என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை. கொழுந்து நிறைய வரும் காலத்தில் மெசின் அடிக்கடி நிற்காமல் இருப்பதற்காகப் பெரிய பியூஸைப் போட்டுவிடும் ஆட்கள் உண்டு. பியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருப்பதை நானே சில இடங்களில் பார்த்திருக்கிறேன். அண்ணனும் அப்படித்தான் செய்திருப்பான் என்று முடிவாகிவிட்டது.

லயத்தில் அதைச் சுருக்கிச் சொன்னார்கள். "அவனே போட்டான், அவனே போயிட்டான்." தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் குடத்தோடு நின்ற அம்மாவின் காதில் விழும்படியும் சொன்னார்கள்.

"எம்புள்ள அப்படிப் போடுற ஆள் இல்ல" என்றார் அம்மா. "நீ போய்ப் பாரு. பாத்துட்டுத் தொரைக்கிட்டச் சொல்லு. அவன் உசுரு போனது போனதுதான். பேரு ஏன் போகணும்?"

நான் கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். பழுது என்று வந்தால் இருக்கக்கூடிய காரணங்களை வரிசையாக எழுதி, ஆதாரம் கிடைக்கக் கிடைக்க ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வருவது என் வழக்கம். மறுநாள் காலையில் ஸ்டோருக்கு ஏறும் பாதையிலும் அப்படித்தான் நடந்தேன். ஒன்று, அண்ணன் தெரிந்தே போட்டது. இரண்டு, வேறு யாரோ போட்டது. மூன்று, கண்டிக்காரர் தவறாகப் பார்த்தது. நான்கு, யாருக்கும் தெரியாமல் மாறியது. வரிசை போட்டபோது மனம் கொஞ்சம் நிலைகொண்டது. அழுகைக்கு அங்கே இடமில்லை.

முதலாவதை நான் ஏற்கெனவே அடித்துவிட்டிருந்தேன். கண்டிப் பெரியாஸ்பத்திரியில் அண்ணன் பேசக்கூடிய நிலையில் இருந்தது ஒரு பிற்பகல் மட்டும். கைகளிலும் மார்பிலும் கழுத்திலும் கட்டு. கண் இமைகள் வீங்கியிருந்தன. நான் பக்கத்தில் நின்றேன். கதிரை இருந்தும் உட்காரத் தோன்றவில்லை.

"சல்லடைக்கிட்ட கருகுற வாடை வந்திச்சு தங்கச்சி" என்றான். "குனிஞ்சு பாத்தேன். மோட்டார் பெட்டிக்குள்ள சரசரனு சத்தம். சரி, ஷாட்டு, இப்பப் போயிரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"பேசாதண்ணே."

"போகல" என்றான். "அது போகவே இல்ல."

அதுதான் அவன் என்னிடம் கடைசியாகச் சொன்னது. சல்லடை மெசின் ஓயாமல் ஆடுவது. மோட்டாருக்குப் போகும் கேபிள் பெட்டியின் வாயில் உரசி உரசித் தோல் தேய்ந்து, உள்ளிருந்த கம்பி இரும்பைத் தொட்டிருக்கிறது. பெட்டியின் மூடி வெடித்துத் திறந்தது. உருகிய செம்பு தெறித்தது. மெசினுக்குக் கீழே படிந்திருந்த பஞ்சு போன்ற தேயிலைத் தூசி பற்றிக்கொண்டது. அதிலிருந்து அவன் சட்டை.

பெரிய பியூஸைத் தெரிந்தே போட்டவன், அது போகும் என்று நம்பிக்கொண்டு அங்கே குனிந்து நிற்கமாட்டான். எனக்கு அது போதும். ஆனால் தங்கை சொல்லும் இந்தச் சாட்சியைத் தோட்டத்து மேலாளரான தொரையிடம் வைக்க முடியாது.

டீமேக்கர் வாசலிலேயே நின்றிருந்தார். தொழிற்சாலைக்குள் எல்லாம் அவர் பொறுப்பு. சிங்களவர், தோட்டத்திலேயே காலம் கழித்ததால் தனக்கென்று ஒரு தமிழ் வைத்திருப்பார். அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வேனில் அவர்தான் அவன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க நங்கி" என்றார், சிங்களத்தில் தங்கையை அழைப்பதுபோல. "என்ன வேணுமோ பாருங்க. யாரும் ஒண்ணும் சொல்லாது."

மெயின் சுவிச்சை நிறுத்திப் பூட்டச் சொல்லிவிட்டுப் பேனலைத் திறந்தேன். சுத்தமாக இருந்தது. அண்ணனின் பேனல் எப்போதும் சுத்தமாகத்தான் இருக்கும். சல்லடை மெசினுக்குரிய மூன்றாவது பியூஸைக் கண்டிக்காரர் கழற்றிக் கீழே வைத்திருந்தார். கையில் எடுத்தேன். வெள்ளைப் பீங்கான் உடல், இரண்டு பக்கமும் உலோக நாக்கு. அளவு அச்சிட்டிருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது. பீங்கானும் உலோகமும் சேரும் மடிப்பில் ஏதோ சிவப்பாக ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். குங்குமம்.

பியூஸுக்குள் என்ன இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. அந்தப் பீங்கானுக்குள் மெல்லிய வெள்ளித் தகடு ஒன்று ஓடும்; பெரிய பியூஸ் என்றால் பல. தகட்டில் வரிசையாகத் துளைகள். சுற்றிலும் வெள்ளை மணல் இறுக நிரப்பப்பட்டிருக்கும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் உருகி என்று பெயர் போட்டு ஒரு படத்தோடு விட்டுவிடுவார்கள். உருகுவது அதன் வேலையில் பாதிதான். கம்பி இரும்பைத் தொட்டதும் மின்சாரம் கட்டுப்பாடில்லாமல் பாயும். நாசத்தின் அளவு இரண்டைப் பொறுத்தது: எவ்வளவு பாய்கிறது, எவ்வளவு நேரம் பாய்கிறது. பாய்வது இரட்டித்தால் சூடு நான்கு மடங்காகும். நேரம் நீள நீள அதுவும் ஏறிக்கொண்டே போகும். சரியான பியூஸ் இருந்தால், பாய்ச்சல் பெரிதாக இருக்கும் இடத்தில், துளைகளுக்கு இடையே உள்ள குறுகிய இடங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உருகி அறும். அறுந்த இடத்தில் எழும் தீப்பொறியை மணல் விழுங்கித் தானும் உருகிக் கண்ணாடிபோல் இறுகும். மின்சாரம் தன் உச்சத்தைத் தொடுவதற்கு முன்பே செத்துவிடும். பழுது வந்ததுதான். அதை வராமல் தடுக்க பியூஸால் முடியாது. வந்த பழுதின் வழியாக எவ்வளவு சக்தி உள்ளே நுழையலாம் என்பதை மட்டும் அது தீர்மானிக்கிறது.

சல்லடை மோட்டார் சின்னது. அதற்குப் போகும் கேபிள் நீளமானது, மெல்லியது. அந்தக் கேபிள் வழியாக ஒரு பழுதுக்குப் பாயக்கூடியது, இருபத்தைந்து அம்பியர் பியூஸுக்குப் பொறுக்க முடியாத சுமை. கண் இமைப்பதற்குள் போயிருக்கும். கண்டிக்காரர் அளந்து சொன்ன நூற்றிருபத்தைந்துக்கு அது பெரிய விஷயமே இல்லை. நிதானமாகத் தாங்கிக்கொண்டு நிற்கும்.

அந்த பியூஸை அண்ணனின் மேசைமேல் வைத்து உடைத்தேன். மணல் கொட்டியது; சர்க்கரை போல வெள்ளையாக, உதிரியாக. தகடுகள் அகலமானவை. ஓர் இடம்கூட உருகவில்லை. மூன்றாவது காரணத்தையும் அடித்தேன். கண்டிக்காரர் சரியாகத்தான் பார்த்திருந்தார்.

மேசையில் ஒரு பால்மா டின் இருந்தது. போன பியூஸ்களை அண்ணன் எறியமாட்டான், அதில் போட்டுவைப்பான். கவிழ்த்தேன். மேலே இருந்த ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் பழையவை, அழுக்கேறியவை. அந்த ஒன்று மட்டும் பளிச்சென்று இருந்தது. அதன் வயிற்றில் வட்டமாக ஒரு குங்குமப் பொட்டு. பொட்டுக்கடியில் எழுத்து எதுவும் இல்லை.

அதையும் உடைத்தேன். மெல்லிய ஒற்றைத் தகடு, நடுவில் அறுந்திருந்தது. அறுந்த இடத்தைச் சுற்றி மணல் ஒரு சிறு கட்டியாக உருகி இறுகியிருந்தது. இருபத்தைந்து அம்பியர் பியூஸ்.

"இது எதுக்குப் போட்டிருந்தது?" என்று டீமேக்கரிடம் கேட்டேன்.

"அது ரோலர் பியூஸ்தானே" என்றார். "ஆயுத பூசைக்கு மறுநாள் போனது. உங்கண்ணா சாமான் அறையில இருந்து புதுசு எடுத்துப் போட்டது."

எனக்கு அந்த மறுநாள் நினைவுக்கு வந்தது. அன்று மாலை அண்ணன் போன் பண்ணியிருந்தான்.

"சாமிகிட்ட இருந்து வந்த மறுநாளே ஒண்ணு உசுர விட்டுருச்சு தங்கச்சி. ரோலரக் கெளப்பின ஒடனே டப்புனு. பூசையில சக்கரப் பொங்கல் சாஸ்தியாச் சாப்டிருச்சு போல."

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். பிறகு என் அறையின் கூரை ஒழுகுவது பற்றிப் பேசினோம்.

கொழுந்தை உருட்டும் ரோலருக்குப் பெரிய மோட்டார். அதற்கு நூற்றிருபத்தைந்து வேண்டும். அங்கே இருபத்தைந்து உட்கார்ந்திருந்தால் மெசினைக் கிளப்பிய கையோடு போய்விடும்; போனது. அங்கே இருந்திருக்க வேண்டிய நூற்றிருபத்தைந்து சல்லடையின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. வேலை செய்தது. யாரும் கவனிக்கவில்லை. இரண்டும் ஒரே நீளம், ஒரே உடல், ஒரே நாக்கு. வேறுபாடு உள்ளே இருக்கும் தகட்டிலும், வெளியே அச்சிட்ட எண்ணிலும் மட்டும்தான். இரண்டாவது காரணத்தையும் அடித்தேன்; நான்காவது மட்டும் மிஞ்சியது.

"இதில எழுத்து எப்படி அழிஞ்சது?" என்று கேட்டேன்.

டீமேக்கர் போனை எடுத்துத் தேடினார். பிறகு என்னிடம் நீட்டினார்.

ஆயுத பூசைப் படம். சல்லடை அறையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வாழையிலை, குத்துவிளக்கு, பொரி, கடலை. ஆட்கள் அவரவர் ஆயுதத்தைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்: சாவிகள், சுத்தியல், கொழுந்துக் கூடை, பொறுக்கும் பெண்களின் முறங்கள். விளக்கைச் சுற்றிப் பூப்போல வட்டமாக, அண்ணனின் பியூஸ்கள். அவ்வளவு வெண்மையாக ஒரு பியூஸை நான் பார்த்ததில்லை. ஒவ்வொன்றின் வயிற்றிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். படத்தின் ஓரத்தில் அம்மா, தலையில் கனகாம்பரம் வைத்த பெண்களுக்கு நடுவே, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு சிரித்தபடி.

"உங்கண்ணா தண்ணி படக்கூடாதுனு சொன்னது" என்றார் டீமேக்கர். "அதனால அம்மா திருநீறு போட்டுத் தேச்சது. வெளக்குத் தேய்க்கிற மாதிரி."

பழைய பியூஸ்களில் எண்ணை உலோக மூடியில் குத்தியிருப்பார்கள். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. புதிதாக வந்த இரண்டில் பீங்கான்மேல் மை அச்சு மட்டும். அந்த இரண்டும் வெறுமையாகிவிட்டிருந்தன. பேனலில் எந்த இடத்துக்கு எது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அது அண்ணனுக்கு மனப்பாடம்.

டீமேக்கர் போனைத் திருப்பி வாங்கவில்லை. வெளியே லொறி ஒன்று கொழுந்து இறக்கிக்கொண்டிருந்தது.

"நங்கி" என்றார். "நான் இதப் பெரிய தொரைக்கிட்டக் காட்டணுமா? காட்டினா தம்பி பேரு சுத்தம். ஆனா அம்மா..."

"நான் சொல்றேன், கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் புதிதாக ஒரு வரிசை போட முயன்றேன். சொல்லாமல் விட்டால் அண்ணன் பொறுப்பில்லாதவனாகவே கிடப்பான். அம்மா பீலியடியில் அதைக் கேட்டுக்கொண்டே இருப்பார். சொன்னால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். பாதியைச் சொல்லலாமா? எண் அழிந்திருந்தது, இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான் என்று? அம்மா அடுத்த கேள்வியைக் கேட்பார். அவர் கேட்கும் எந்தக் கேள்விக்கும் என்னிடம் பொய்யான பதில் தயாராக இல்லை. தயார் செய்யவும் வரவில்லை.

அம்மா அடுப்பில் தேத்தண்ணி வைத்திருந்தார். நான் உட்காருவதற்கு முன்பே கேட்டார்.

"பாத்தியா?"

"பாத்தேன். அண்ணன் வேணும்னு போடல. அது நிச்சயம்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு விட்டார். அந்த ஒரு நிமிடத்தை அவருக்கு அப்படியே விட்டிருக்கலாம் என்று இப்போதும் நினைப்பதுண்டு.

"பொறகு எப்படி வந்திச்சு?"

"ரெண்டு பியூஸ் எடம் மாறியிருக்கு. ரோலரோடது சல்லடைக்கு வந்திருச்சு. சல்லடையோடது ரோலருக்குப் போயிருச்சு."

"பெருசு சின்னதுக்கு வந்தா என்னா? அதுவும் பியூஸ்தான?"

அம்மாவுக்குப் புரியும் விதமாக யோசித்தேன். "மேல இருக்கிற தாங்கியில இருந்து நம்ம பீலிக்குத் தண்ணி வருதுல்ல? வழியில பைப் ஒடைஞ்சா யாராவது ஓடிப்போய் வால்வ மூடணும். பியூஸ்னா தானா மூடிக்கிற வால்வு. சின்னதுனா, பைப் விரிசல் விட்டதுமே மூடிக்கும். கொஞ்சம் தண்ணிதான் சிந்தும். பெருசுக்கு அந்த விரிசல் ஒரு பொருட்டே இல்ல. தெறந்தே இருக்கும். கரை இடிஞ்சாலும் தெறந்தே இருக்கும்."

அம்மா தேத்தண்ணியை இறக்கி வைத்தார். ஊற்றவில்லை.

"எப்ப மாறிச்சு?"

"பூசையன்னைக்கு."

அவர் என்னைப் பார்த்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் முகத்தைப் பார்த்தார்.

"அதுல எழுத்து இருந்திச்சா?"

"இருந்திச்சு. புதுசு ரெண்டுலயும் மையில போட்டிருந்திச்சு."

"கறுப்பா?"

"ஆமா."

"நான் அழுக்குனு நெனச்சேன்" என்றார் அம்மா.

அடுத்த வீட்டுக் காம்பிராவில் யாரோ ரேடியோவைப் போட்டார்கள். உடனே நினைவு வந்ததுபோல நிறுத்தினார்கள். துக்க வீட்டுப் பக்கத்தில் சத்தம் வேண்டாம் என்று.

"எல்லாத்தையும் தேச்சுட்டு, அந்த ரெண்டும்தான் இன்னும் வெள்ளையா வரலைனு மறுபடி தேச்சேன்" என்றார். "ஒண்ண வெளக்குக்கு வலது பக்கம் வச்சேன், ஒண்ண எடது பக்கம். பூசை முடிஞ்சு திருப்பி மாட்டுறப்ப அவன் கேட்டான். அம்மா, இந்த ரெண்டுல எது எந்தப் பக்கம் இருந்திச்சு, நான் பேப்பர்ல வரிசையாத்தான வச்சேன்னு. நான் என்னா கண்டேன்? பேப்பர்ல வலது பக்கம் இருந்தது இங்கயும் வலது பக்கம்தான்டானு சொன்னேன்."

"அம்மா."

"சொன்னா நம்புறவன் அவன்."

நான் அவருடைய கையைப் பிடித்தேன். அவர் விலக்கவும் இல்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை. தேயிலைச் சாயம் ஏறிய விரல்கள்.

"நான் தேய்க்காம இருந்திருந்தா அந்தக் கேபிள் தேய்ஞ்சிருக்காதா?"

"தேய்ஞ்சிருக்கும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. அது எப்படியும் ஒரு நாள் இரும்பத் தொட்டிருக்கும்."

"அப்ப?"

அவரே சொன்னார்.

"அப்ப கொஞ்சமா வந்திருக்கும்."

"ஆமாம்மா."

"டப்புனு நின்னிருக்கும். அவன் கைய ஒதறிக்கிட்டு எந்திரிச்சிருப்பான்."

"ஆமா."

"பொம்பளைங்க கேலி பண்ணியிருப்பாளுங்க."

தேத்தண்ணியில் ஆடை படிந்துவிட்டிருந்தது. வெகுநேரம் கழித்து, இருட்டத் தொடங்கும்போது, அம்மா எழுந்து விளக்கு சுவிச்சைப் போட்டார்.

"அந்தப் படத்தத் தொரைக்கிட்டக் காட்டச் சொல்லு" என்றார்.

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. அவசரம் இல்ல."

"என்னாத்த யோசிக்கிறது? அவன் பேருல கெடக்குறது எம்பேருல கெடக்கட்டும். நான் இருக்கேன், தாங்கிக்குவேன். அவன் இல்லையே வாயத் தெறந்து சொல்ல."

பெரிய தொரையின் அறையில் நான் பேசியது குறைவு. உடைத்த இரண்டு பியூஸ்களையும் மேசைமேல் பக்கம் பக்கமாக வைத்தேன். டீமேக்கர் படத்தைக் காட்டினார். தொரை இரண்டு பியூஸ்களின் தகடுகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார். மணலைத் தொட்டார். அந்த உருகிய கட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்படியென்றால் யார்மீதும் பிழை இல்லை" என்றார். அப்படிச் சொல்வது எங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தார் போலும்.

"ஒவ்வொரு இடத்திலும் அளவு எழுதியிருந்தால், எண் அழிந்த பியூஸை மாட்டுமுன் யாரும் இரண்டு முறை யோசித்திருப்பார்கள்" என்றேன். "எழுதாமல் விட்டது ஒரு பிழைதான். அதை அறிக்கையில் போடுங்கள்." அம்மாவைப் பற்றி நான் எதுவும் சேர்க்கவில்லை. படம் மேசைமேல் இருந்தது.

மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்கள் வேலைக்குப் பிரிந்துபோகும் முன், டீமேக்கர் தன்னுடைய தமிழில் அதைச் சொன்னார். "தம்பி பெரிய பியூஸ் போட்டதுனு யாராவது பேசினா அது பொய். பூசையில நம்பர் அழிஞ்சது. நான் பாத்துக்கிட்டு நின்னது. நானும் கவனிக்கல." அம்மாவின் பெயரை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பியூஸைத் தேய்த்தது யார் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

சல்லடை அறையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி அன்று மாலை வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, நாங்க வாய் தவறிப் பேசிட்டோம். மனசுல வச்சுக்காதீங்க."

"சரி" என்றார் அம்மா.

"சாமி காரியத்துக்குத்தான செஞ்சீங்க. நாங்களும்தான பக்கத்துல ஒக்காந்திருந்தோம்."

"சரி புள்ள. தேத்தண்ணி குடிச்சுட்டுப் போ."

அவள் குடித்துவிட்டுப் போனாள். அண்ணனைப் பற்றிய பேச்சு நின்றுவிட்டது. அம்மா கேட்டது நடந்தது. இப்போது அம்மா குடத்தோடு போகும்போது பீலியடியில் யாரும் எதுவும் பேசுவதில்லை. அவர் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பும் வரைக்கும் பேசுவதில்லை. பழைய பேச்சைவிட அது கடினம் என்று அம்மா ஒரே ஒரு முறை சொன்னார்.

பல்லேகலவுக்குத் திரும்பும் முன் ஒரு வேலை இருந்தது. கறுப்பு எனாமல் பெயின்டும் மெல்லிய தூரிகையும் வாங்கிக்கொண்டு போய், அண்ணனின் பேனலில் ஒவ்வொரு பியூஸ் இடத்துக்கும் மேலே எந்த மெசின், எத்தனை அம்பியர் என்று எழுதினேன். ரோலர், 125. சல்லடை, 25. விசிறி, அடுப்பு, லிப்ட். சிங்களத்தில் டீமேக்கர் எழுதினார். அவருடைய கையெழுத்து என்னுடையதைவிட அழகு. ஈரம் காயும் வரை இருவரும் அங்கேயே நின்றோம்.

அம்மா சில வாரங்கள் கழித்து மறுபடியும் வேலைக்குப் போனார். கண்டிக்கு வந்து என்னோடு இருங்கள் என்று கூப்பிட்டேன், வரவில்லை. ஒரே ஒரு இரவு வந்து தங்கினார். அறையைப் பார்த்தார். கூரை ஒழுகும் இடத்தில் நான் வைத்திருந்த வாளியைப் பார்த்தார். அதை அண்ணன் வந்து சரிசெய்து தருவதாக இருந்தது. கதவுக்குப் பக்கத்தில் சாமி படத்தருகே திருநீற்றுக் கிண்ணம் வைத்திருந்தேன். காலையில் குளித்துவிட்டு வந்தவர் அதன் முன் கும்பிட்டார், ஆனால் கையை அதில் விடவில்லை. அப்பா இறந்த நாளிலிருந்து அம்மாவின் நெற்றியில் திருநீறு மட்டும்தான் இருக்கும். இப்போது அதுவும் இல்லை. கிண்ணத்தை எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன்.

மாலையில் வேலை முடிந்து நான் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் அம்மாவுக்குத் தெரியும். அப்போதுதான் போன் பண்ணுவார். சாப்பிட்டாயா என்பார். மழையா என்பார். அதன்பிறகு, வேறு எந்தத் தாயும் மகளிடம் கேட்டிருக்காத அந்தக் கேள்வி வரும்.

"இன்னைக்கு ஏதும் போச்சா?"

பெரும்பாலும் இல்லை என்பேன். அம்மா "ம்" என்பார். அந்த "ம்" அவருக்குத் திருப்தி தருவதில்லை என்று எனக்குத் தெரியும். போன வாரம் ஒரு நாள் சொல்ல இருந்தது.

"ஒண்ணு போச்சும்மா. கம்ப்ரசரோடது."

"யாருக்கும் ஒண்ணுமில்லயே?"

"இல்ல. பக்கத்துல ரெண்டு பேர் நின்னாங்க. சத்தம்கூடக் கேக்கலையாம்."

"புதுசு மாட்டிட்டியா?"

"மாட்டிட்டேன்."

"எழுத்தப் பாத்து?"

"எழுத்தப் பாத்துத்தாம்மா."

பின்னணியில் யாரோ குடம் வைக்கும் சத்தம், நாய் குரைக்கும் சத்தம்.

"போகட்டும்" என்றார் அம்மா. "அது போறதுதான் நல்லது."